ரேஸர் வீட்டுக் கார்பரேட்டர்

புருஷனுடைய பைக்கின் கார்பரேட்டரை மாவு டப்பாவுக்குள் அமுக்கி, மேலே நாலு கை மாவை அள்ளிப் போட்டு மூடினாள் அவள். கையைத் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஏய், பெட்டியில கார்பரேட்டரைக் காணோம். நீ பாத்தியா?" ஷெட்டிலிருந்து புருஷனின் குரல் வந்தது.

"எனக்கென்னங்க தெரியும்? அது உருண்டையா சதுரமான்னுகூட எனக்குத் தெரியாது."

"சரி விடு. கடைக்காரன் வைக்க மறந்திருப்பான். சொல்லிவிட்டா மெதுவா அனுப்புவான்."

அந்த மனுஷனைத் தெருவே ரேஸர் என்றுதான் கூப்பிடும். அந்தப் பந்தய வீரர் பட்டத்தை அவரே தனக்குக் கொடுத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம். வண்டி அவருக்குப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ஃபிரேம் ஒரு பெட்டியில், இஞ்சின் ஒரு பெட்டியில், டேங்க் ஒரு பெட்டியில்.

கைப்பிடி தாழ்வாக, சீட்டு ஒல்லியாக, முக்கால்வாசி குப்புறப் படுத்து ஓட்டுகிற வண்டி. கஃபே ரேஸர் என்று பெயராம். ஒவ்வொரு நட்டையும் என் கையாலேயே முடுக்குவேன் என்று ஆபீஸ், சலூன், ஓர் இடம் பாக்கியில்லாமல் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தார்.

அதோடு நிறுத்தினாரா? கல்யாணத்துக்கு முன்னால் வளைவில்கூட கையை விட்டுவிட்டுத்தான் ஓட்டுவாராம். ஒரு தடவை ஓடுகிற லாரிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கமாக வெளியே வந்தாராம். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். இவள் ஒருத்தி மட்டும் அத்தனையையும் நம்பித் தொலைத்தாள்.

நம்பினவளுக்குத் தூக்கம் எப்படி வரும்? வண்டி கிளம்புகிற அன்றைக்கே இந்த மனுஷன் எந்த லாரிச் சக்கரத்திலாவது போய் விழுவார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? அதனால்தான் திருட்டு வேலையில் இறங்கினாள்.

முதலில் செயின், பழைய மிக்ஸிப் பெட்டிக்குள் போனது. அப்புறம் கிளட்ச் கேபிள், காலி பிஸ்கட் டின்னுக்குள். இப்போது கார்பரேட்டர். ஒவ்வொன்றுக்கும் மாற்று வந்து சேர மாசக்கணக்காகும். ரேஸர் கட்டிலுக்கு அடியில் தேடுவார், பரணில் தேடுவார், சமையலறைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

வேறு ஆம்பளையாக இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பான். இவரோ கையைக் கழுவிக்கொண்டு, அவளுடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி ஆபீஸுக்குப் போய்விடுவார். "ஸ்கூட்டரெல்லாம் ஒரு வண்டியா? நான் போய் இதை ஓட்டினா எனக்குத்தான் கேவலம்" என்பார். பிரேக்கை இப்படிப் பிடிக்காதே, அப்படித் திரும்பாதே என்று வழி முழுக்கப் பாடம் வேறு.

இந்த லட்சணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் வந்து நின்றார். அவர் மெக்கானிக், சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்.

"என்ன மாப்ளே, இன்னுமா முடியல? தெருவே சிரிக்குது."

"கார்பரேட்டர் வரணும் மச்சான். அது வராம நான் என்ன பண்றது?"

"இவ்வளவுதானா? நம்ம பட்டறையில இதே சைஸ்ல ஒண்ணு சும்மா கிடக்கு. இருங்க, எடுத்துட்டு வந்துடறேன்."

"அவசரம் வேண்டாம் மச்சான். ஒரிஜினல் போட்டாத்தான் வண்டிக்கு மரியாதை."

"வந்ததும் மாத்திக்கலாம் மாப்ளே. மரியாதை எங்க போகுது?"

மத்தியானத்துக்குள் வண்டி உறுமியது. சத்தம் கேட்டு அக்கம்பக்கம் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணன் மாப்பிள்ளையை உட்காரவைத்து, ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, பட்டையையும் தானே மாட்டிவிட்டார்.

"போங்க ரேஸர் சார்," என்றார் எதிர்வீட்டு டெய்லர். "லாரிக்கு அடியில வேண்டாம், தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தாலே போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். ரேஸர் சிரிக்கவில்லை, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ரோஷம் வந்துவிட்டது, இனி இந்த மனுஷன் பறக்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

மானமாவது மண்ணாவது என்று ஓடிப்போய் வண்டிக்குக் குறுக்கே நின்றாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"போகாதீங்க. கார்பரேட்டரை ஒளிச்சு வச்சது நான்தான். செயின், கேபிள், எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன். நீங்க எங்கயாவது போய் விழுந்துட்டீங்கன்னா அப்புறம் எனக்கு யாருங்க இருக்கா?"

அண்ணன் இஞ்சினை அணைத்தார்.

"ஏன்மா, புருஷன் ஆசை ஆசையாச் செய்யற வண்டி. அதுல போய் இப்படியா பண்ணுவே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை பேருக்கு முன்னால் திட்டப்போகிறார், திட்டட்டும், உயிரோடு இருந்து திட்டட்டும் என்று நின்றாள்.

ரேஸர் ஹெல்மெட் கண்ணாடியை மெல்லத் தூக்கினார். யாருக்கும் கேட்காதபடி அவள் காதோரம் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா அழு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."