விடை சொல்லாத பத்து நிமிடம்

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. சேலம் புறநகரில் ஓர் அறிவியல் மையம். காட்சிக்கூட விளக்குநர்களுக்கான பயிற்சி முகாமின் கடைசி நாள்.

அவன் காற்றுக் குழாயின் அருகே நின்றான்.

குழாயிலிருந்து காற்று மேல்நோக்கிச் சீறியது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பந்து, எதையும் தொடாமல் மிதந்தது.

தேர்வின் விதி ஒன்றுதான். பத்து நிமிடம் பார்வையாளருக்கு விடை சொல்லக் கூடாது. கேள்வி கேட்கலாம்.

நேற்று அவன் தோற்றிருந்தான். ஒரு பள்ளி ஆசிரியை பந்தை நிமிர்ந்து பார்த்ததுதான் தாமதம், காற்றழுத்தத்தில் தொடங்கி விமான இறக்கை வரை போய்விட்டான். ஆசிரியை கை தட்டினார். தேர்வாளர் வசுமதி மேடம் பூஜ்யம் போட்டார்.

இன்று தேறினால், புதிதாகத் திறக்கவிருக்கும் மையத்தில் பயிற்சியாளர் வேலை. இல்லையென்றால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது.

"ஏல, வாயில ஒரு புளிப்பு முட்டாயப் போட்டுக்க. உனக்கு அதான் வைத்தியம்" என்றிருந்தார் திருநெல்வேலியிலிருந்து பயிற்சிக்கு வந்த சக விளக்குநர் பேச்சியப்பன்.

தேவைப்படாது என்று நினைத்தான்.

ஒரு சிறுமி வந்தாள். பின்னால் அவள் அப்பா.

வசுமதி மேடம் தூணருகே பேனாவைத் திறந்தார்.

சிறுமி குழாயைச் சாய்த்தாள். காற்றும் சாய்ந்தது. பந்து விழவில்லை. சாய்ந்த காற்றிலேயே தொங்கியது.

"உள்ள காந்தம் வெச்சிருக்காங்க பாப்பா" என்றார் அப்பா.

அவன் உதடுகளை அழுத்திக்கொண்டான். விளக்க இரண்டு வாக்கியம் போதும்.

சிறுமி அவனைப் பார்த்தாள். "காந்தமா அங்கிள்?"

"எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

யோசித்தாள். சட்டென்று பந்தைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த காந்த மேசைக்கு ஓடினாள்.

பொருட்களை இடம் மாற்றாதீர்கள் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. அவன் தடுக்கவில்லை.

பந்து ஒட்டவில்லை. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை.

"காந்தம் இல்லப்பா. நீ சும்மா சொல்ற."

கூடம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

அப்பா அவன் பக்கம் திரும்பினார். "அப்ப வேற என்னங்க?"

"நீங்க என்ன நினைக்கறீங்க சார்?"

"நான்தானங்க உங்களக் கேக்கறேன்."

அவன் பந்தைப் பார்த்தான்.

"இங்கதான வேலை பாக்கறீங்க? இதுகூடத் தெரியாதுங்களா?"

இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவன் இயற்பியலில் முதுகலை. அதைச் சொன்னால் விதியை மீறியதாகாது.

சொல்லவில்லை.

"பந்துக்கு மேல கைய வெச்சுப் பாருங்க சார். காத்து எந்தப் பக்கம் போகுது?"

அவர் வைக்கவில்லை. கழுத்தில் அட்டையோடு நின்ற வசுமதி மேடத்திடம் நேராகப் போனார்.

"மேடம், ஒண்ணும் தெரியாத ஆளையெல்லாம் நிறுத்தி வெச்சிருக்கீங்க. டிக்கெட் வாங்கிட்டுத்தான வர்றோம்?"

"எழுதிக்கறேன் சார்."

எழுதினார். அப்பா சொன்ன வார்த்தைகளை அப்படியே.

சிறுமி பந்தை மறுபடி காற்றில் விட்டிருந்தாள். குழாயை இன்னும் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம். பந்து நடுங்கியது. விழுந்தது. எடுத்து மறுபடி விட்டாள்.

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அப்பா திரும்பி வந்தார். அவனைப் பார்க்கவில்லை. மகள் செய்வதைச் சற்று நேரம் பார்த்தார்.

"தள்ளு பாப்பா."

பந்துக்கு மேலே உள்ளங்கையை நீட்டினார். இடப்பக்கம் கொண்டுபோனார். வலப்பக்கம் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார்.

புருவம் சுருங்கியது.

பத்து நிமிடம் முடிந்து மணி அடித்தது. அவர் கையை எடுக்கவில்லை.

மாலையில் முடிவுகளை வாசித்தார்கள். அவன் தேறியிருந்தான். செப்டம்பரில் புதிய மையத்தில் சேர்ந்தான்.