வளைவில் நின்ற வண்டி

“பன்னிரண்டு தடவை நின்னிருக்கு. இன்னிக்குப் பதிமூணு. இதுக்கு மேலயும் பொறுத்துக்க நான் என்ன பூமாதேவியா?”

மருத்துவமனையின் நிர்வாகி அம்மாள் ஒரு கையில் பயணக் குறிப்பேட்டையும் மறு கையில் பணிநீக்கக் கடிதத்தையும் ஏந்தி நின்றார். கடிதத்தில் அவர் கையொப்பமிடுவது ஒன்றே பாக்கியிருந்தது.

எதிரே, வளாகச் சாலையின் வளைவில், நோயாளிகளையும் உறவினர்களையும் ஏற்றிச் செல்லும் பெட்ரோல் கோல்ஃப் வண்டி ஒரு மரத்தடியில் அசையாமல் கிடந்தது. அதன் ஓட்டுநர் தலை கவிழ்ந்து நின்றார். வண்டி அடிக்கடி நின்றுவிடுவதால், ஊழியர் அனைவருக்கும் அவர் ‘தள்ளு அண்ணன்’.

“காலையில புருஷனைப் பறிகொடுத்த பொண்ணு. முக்கால் மணி நேரம் இந்த வண்டியிலேயே உட்கார்ந்திருந்துட்டு, கடைசியில பிணவறைக்கு நடந்தே போயிருக்கா. அவ அண்ணன் வந்து நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டுப் போறார். நான் என்ன பதில் சொல்றது? சொல்லுங்க!”



இருக்கையைத் தூக்கிவிட்டு எஞ்சினுக்குள் தலையைக் கொடுத்திருந்த மெக்கானிக் நிமிர்ந்தார்.

“பெட்ரோல் இருக்கும்மா. டேங்க் மூடியில காத்து ஓட்டை அடைக்கல. ஃபில்டர் சுத்தம். பேட்டரி குதிரை மாதிரி இருக்கு. இந்த ரக வண்டியில மிதியிலேர்ந்து காலை எடுத்தா எஞ்சின் நிக்கும், மறுபடி மிதிச்சா கிளம்பும். இப்ப மிதிச்சா சுத்துது, ஆனா பத்திக்க மாட்டேங்குது. பிளக்குல பொறியே வரல.”

“ஏன் வரல?”

“அதைத்தான் தேடறேன். இதுக்கு முன்னாடி எப்பெப்ப நின்னுச்சுன்னு படிங்க. சூட்டுல நிக்குதா, மழையில நிக்குதான்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.”

அம்மாள் ஏட்டைப் பிரித்தார்.

“மார்ச் நாலு, காலை எட்டு மணி. வளைவில் பத்து நிமிடம். போன இடம், பிணவறை. ஏப்ரல் பத்தொன்பது, மாலை, மழை. வளைவில் எட்டு நிமிடம். பிணவறை. ஜூன் ரெண்டு...”

குரல் தயங்கியது. பக்கங்கள் விரைந்து புரண்டன.

பிணவறை. பிணவறை. பிணவறை.

மெக்கானிக் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். “பதினொண்ணுதானே வருது? பன்னிரண்டுன்னீங்க?”

“ஒண்ணை விட்டுட்டேன். அது கிடக்கட்டும்.” ஏடு பட்டென்று மூடியது.

“ஏம்மா, ஸ்கேனுக்குப் போறப்ப நிக்கல. வார்டுக்குப் போறப்ப நிக்கல. அங்க போறப்ப மட்டும் நிக்குதுன்னா, எங்க போறோம்னு வண்டிக்கு எப்படித் தெரியும்?”



மெக்கானிக் மீண்டும் குனிந்தார். இம்முறை கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தொடர்ந்து சென்றார். ஓட்டுநர் இருக்கையின் அடியில் கை நின்றது.

“அடப்பாவி!”

மேசை விளக்குக்குப் பொருத்தும் சிறிய சுவிட்ச் ஒன்று, கறுப்பு டேப் சுற்றி, அங்கே மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

“இதை அமுக்கினா பொறி செத்துடும். மறுபடி அமுக்கினா வந்துடும். இன்னிக்கு உள்ள ஸ்பிரிங் மாட்டிக்கிச்சு, அமுக்கினது அமுங்கினபடியே நின்னுடுச்சு. கோளாறு வண்டியில இல்லம்மா. அண்ணன் கையில!”

அம்மாள் அதிர்ந்து ஓரடி பின்வாங்கினார். ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆனது.

“வேணும்னே நிறுத்தினியா? செத்தவங்க வீட்டுக்காரங்ககிட்டயா உன் விளையாட்டு? நீயெல்லாம் மனுஷனா?”

“விளையாட்டு இல்லம்மா.” ஓட்டுநர் முதன்முறையாகப் பேசினார். “வார்டுல அழுதா, மத்த நோயாளிங்க பயப்படுவாங்க, சத்தம் போடாதீங்கன்றாங்க. அங்க போய் இறங்கினா, அடையாளம் காட்டு, கையெழுத்துப் போடுன்னு நிக்கறாங்க. நடுவுல இந்த ஒரு வளைவுதாம்மா இருக்கு.”

“அதுக்கு?”

“நிறுத்தட்டுமான்னு கேட்டா வேண்டாம்பாங்க. ரிப்பேர்னு சொன்னா உட்கார்ந்துக்குவாங்க. எல்லாருக்கும் நிறுத்தறதில்லம்மா. அழாம வர்றவங்களுக்கு மட்டும்தான். நான் பின்பக்கம் போய் எஞ்சினைக் குடையற மாதிரி திரும்பி நின்னுக்குவேன். காலையில அந்தத் தங்கச்சி அழுது ஓய்ஞ்ச பிறகும் வண்டி கிளம்பல. அது என் தப்பு. அதுக்கு நீங்க கையெழுத்துப் போடுங்க.”

அம்மாள் பேனாவைத் திறந்து கடிதத்தின் மேல் வைத்தார். அம்மாளின் மற்றொரு கை, தானாகவே, ஏட்டில் விட்டுப்போன அந்தப் பன்னிரண்டாம் பதிவைத் தேடிப் புரட்டியது.

‘ஆகஸ்டு ஏழு. வளைவில் பதினைந்து நிமிடம். பிணவறை. பயணி: நிர்வாகி அம்மா.’

இறந்த தந்தையின் தலைமாட்டில், மருத்துவர்கள் சூழ்ந்திருக்க, ஒரு துளியும் கலங்காமல் படிவங்களை நிரப்பிவிட்டு அன்று அவர் ஏறிய வண்டி இது. அவர் குழந்தைபோல் விம்மி அழுத இடம் இந்த மரத்தடி. தம் அழுகைக்காக ஆண்டவனே வண்டியை நிறுத்தினான் என்று அன்றுமுதல் நாள் தவறாமல் கைகூப்பி வருகிறவர் அவர். மற்றவர்க்கு நின்றது ஓட்டுநரின் குற்றம். தமக்கு நின்றது இறைவனின் கருணை.

ஓட்டுநரின் எண்ணெய்க் கறை படிந்த விரல்களை அவர் இப்போதுதான் பார்த்தார்.

மெக்கானிக் சுவிட்சைப் பிடுங்குவதற்காகக் குறடை எடுத்தார்.

“தம்பி,” என்றார் அம்மாள். கடிதம் அவர் கையில் கசங்கியிருந்தது. “அதைக் கழற்றாதீங்க. மாட்டிக்காத மாதிரி நல்லதா ஒண்ணு போட்டுட்டுப் போங்க.”