அந்த ரெண்டு மணி நேரம்

"எவனோ ஒருத்தன் என் வீட்டுக்காரி மனசைக் கலைச்சு விட்டிருக்கான் பாய். அவன் மட்டும் கையில சிக்கட்டும், தோலை உரிச்சுர்றேன்!"

வில்லாபுரத்தில் வாஷிங் மிஷினும் கிரைண்டரும் விற்கிற ஜெயபாண்டி போட்ட சத்தத்தில், பக்கத்துப் பைக்கடை நைனா முகமது டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

"என்ன மாப்ள ஆச்சு?"

"காலையில அம்புட்டுத் துணியும் கையாலயே கும்மித் துவைச்சுப் போட்டு, சமைச்சு, கடைக்கு வந்து பில்லுப் போடுறா. ஒரு குறை இல்ல. நாலு மணியானா கெளம்பிர்றா. ஆறு மணிக்குத்தான் வாரா. கேட்டா, 'சும்மா உட்கார்ந்துட்டு வாரேன்'ங்கிறா. பத்து நாளா இதே கூத்து. சும்மா எப்படி பாய் ஒரு மனுசி உட்காருவா?"

"சண்டை கிண்டை?"

"இல்லையே."

"உடம்புக்கு எதுவும்?"

"பாட்டு முணுமுணுத்துக்கிட்டுல்ல வாரா!"

அதுதான் அவனுக்குப் புரியவில்லை. கோபித்துக்கொண்டு போனால் சமாதானம் பேசலாம். சீக்கென்றால் டாக்டரிடம் கூட்டிப் போகலாம். சிரித்துக்கொண்டே போகிறவளை என்ன செய்வது? அவன் படியவைக்காத பேரம் இல்லை. இதில் மட்டும் எங்கே பிடிப்பதென்றே தெரியவில்லை.

மறுநாள் கடையைப் பாயிடம் விட்டுவிட்டு, அவள் பின்னாலேயே போனான்.

தெப்பக்குளத்துப் படியில் நாகஜோதி தனியாக உட்கார்ந்திருந்தாள். போன்கூட இல்லை. கையில் ஒரு கடலைப் பொட்டலம்.

"இங்க என்ன செய்ற?"

திரும்பிப் பார்த்தவள் திடுக்கிடவில்லை. "ஒண்ணும் செய்யல. அதுக்குத்தான் வந்தேன்."

"சரி, ரெண்டு மணி நேரம் ரொம்ப அதிகம். அரை மணி வச்சுக்க."

"பேரத்தையெல்லாம் கடையில வச்சுக்கங்க."

"முக்கா மணி. கடைசிப் பேச்சு."

அவள் கடலைத் தோலை ஊதினாள்.

ஜெயபாண்டிக்குக் குரல் இறங்கிவிட்டது. "என்னய விட்டுட்டுப் போயிருவியோன்னு பயமா இருக்கு புள்ள. எவன் சொல்லிக் கொடுத்தான் இதெல்லாம்? பேரைச் சொல்லு."

"நம்ம கடையிலதான் ஒருத்தர் தெனம் சொல்றாரு. 'அக்கா, துவைச்சுத் துவைச்சே ஆயுசைத் தொலைச்சிராதீங்க. மிஷினைப் போட்டுவிட்டுட்டு, தெனம் ரெண்டு மணி நேரம் உங்களுக்குன்னு உட்காருங்க'ன்னு. பில்லுப் போட்டுக்கிட்டே எம்புட்டு வருசமாக் கேட்கிறேன்! பத்து நாளைக்கு முன்னாடிதான் காதுல ஏறுச்சு. நல்லாத்தான் சொல்றாரு."

ஜெயபாண்டி அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான்.

சோப்பில் ஊறி வெடித்துப்போன உள்ளங்கையில் நாலு கடலையை வைத்து அவனிடம் நீட்டினாள்.

"அந்த ஆளைப் பார்த்தா நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஊர்ப் பொம்பளைக்கெல்லாம் கொடுத்தாச்சு. இன்னைக்காவது ஒரு மிஷினைத் தூக்கிட்டுப் போயி அவர் வீட்டுல இறக்கச் சொல்லுங்க."