வீடு பார்க்க வந்த ஐந்து பேர்

“வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ள வூடு பாக்க வர்றோம் தம்பி. அஞ்சு பேரு.”

செட்டிகுளம் மலை முருகன் மேல் ஆணை, இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. போனில் இப்படிச் சொன்னவர் ஜெயங்கொண்டம் அரியமுத்து, பெண்ணுக்குத் தாய்மாமன். கேட்டு வியர்த்துப்போனவன் ராஜராஜன், சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர்.

அவனுடைய ஒற்றை அறையையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஆறு பெண் வீட்டார் காபியைக்கூடத் தொடாமல் திரும்பியிருந்தார்கள். ஏழாவது சம்பந்தம் வெற்றிச்செல்வி. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவள் வீட்டார் முதலில் வீட்டின் படம் கேட்டார்கள். லோடுக்குக் காத்திருக்கும் நேரத்தில், போன் விளையாட்டில் அவன் ஒரு வீடு கட்டிவைத்திருந்தான். மூன்று மாடி, உச்சியில் சிவப்பு ஓட்டுக்கூரை. அதை அனுப்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவதென்று எட்டு மணிக்கே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றான். எந்த பஸ்ஸிலும் அவர்கள் இறங்கவில்லை. பதினொன்றரைக்குப் போன் வந்தது.

“மாப்ள,” என்றார் அரியமுத்து. தம்பி என்றவர் மாப்ள என்கிறார். வீடு எல்லோருக்கும் திருப்தியாம். மூன்றாவது மாடியில் காற்று அள்ளுகிறதாம். கூரையில் ஈசானிய மூலையில் மட்டும் ஒரு ஓடு விட்டுப்போயிருக்கிறதாம், மழைக்கு முன்னால் போட்டுவிட வேண்டுமாம்.

ராஜராஜன் பேச்சைத் துண்டிக்காமலே விளையாட்டைத் திறந்தான். ஈசானிய மூலையில் ஒரு ஓடு இல்லை. மூன்றாவது மாடி ஜன்னலில், அவன் வைக்காத ஐந்து உருவங்கள் முதுகு காட்டி நின்றன. ஒன்றின் காதில் போன் இருந்தது.

“எப்படிங்க... மேல ஏறுனீங்க?”

“ஏறுனது ஞாபகமில்ல மாப்ள. எறங்கத்தான் படியக் காணும்.”

அந்த உருவம் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தது.

அந்த விளையாட்டில் படிக்கட்டு இருபதாவது லெவலில்தான் கிடைக்கும். அவன் பதினாலில் இருந்தான்.

அன்றிலிருந்து ராஜராஜன் லாரி எடுப்பதில்லை. அணைந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகுமோ என்று போனைச் சார்ஜிலேயே போட்டுவைத்திருக்கிறான். வெற்றிச்செல்வி தினமும் கூப்பிட்டு, எந்த லெவல் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.

அந்தப் போனை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். பட்டன் போன். அதில் விளையாட்டே கிடையாது.