அமிர்தாக்காவுக்காகக் காத்திருந்த தாலி

கணவர் இறந்த பிறகு மூன்று மாதமாக நான் டிவி பார்க்கவில்லை. இன்று மதியம் அது தானாகவே ஓடத் தொடங்கியது. ஒன்றரை மணி சீரியலின் கல்யாண மண்டபம். மணப்பெண்ணின் அம்மா என்னைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“வாங்க அமிர்தாக்கா. நீங்க வரணும்னுதான் முகூர்த்தத்தை மூணு மாசமா தள்ளி வச்சிருக்கோம்.”

சீரியல் பார்ப்பதை விட்டவர்களை இழுக்க சேனல்காரர்கள் வீட்டுக்கு வீடு தனிக்கதை ஓட்டுகிறார்கள். எனக்குத் தெரியாதா, எல்லாம் ரேட்டிங்குக்குத்தான்.

எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்க, தாலி வைத்த தட்டு வரிசையாக வந்தது. போன வாரம் தம்பி மகள் கல்யாணத்தில், தம்பியே அந்தத் தட்டை என்னைத் தாண்டிக் கொண்டுபோனான். இங்கே அது என் முன்னால் நின்றது.

“என் புருஷன் தவறிட்டாரும்மா,” என்றேன்.

“தெரியும்க்கா. நீங்க தொட்டாதான் கட்டுவோம்.”

திரையில் கை வைத்தேன். பெண்ணையும், அவர்களுடைய ரேட்டிங்கையும் சேர்த்தே மனதார வாழ்த்தினேன்.