சோஜியின் மதம்

"உயிரோட இருந்தவரைக்கும் வேண்டாம்னு சொன்னதை, செத்ததும் அவன் வாயில திணிக்கச் சொல்றியாம்மா?" என்றார் பாஸ்டர் குயாங்.

கானெங் சர்ச் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, இடுப்புத் துணியின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். வடக்கிலிருந்து வீசிய புழுதிக் காற்றில் எதிரே இருந்த கல்லறைத் தோட்டமே மங்கலாகத்தான் தெரிந்தது. அவள் அம்மா அங்கேதான் இருந்தாள்.

தம்பி சோஜியின் உடல் ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடந்தது. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் சாலையை மறித்த ஒரு கும்பல் அவனை வேனிலிருந்து இறக்கி வெட்டிக் கொன்றுவிட்டது. எந்தக் கும்பல் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரம் பீடபூமி முழுக்க கிறிஸ்தவர், முஸ்லிம் என்று இரண்டு பக்கத்தாருமே மரத்தை வெட்டிப் போட்டுச் சாலையை மறித்துக்கொண்டிருந்தார்கள். ஓடி ஒளிந்த வேன் டிரைவர் இன்னும் திரும்பவில்லை; கூட வந்தவர்கள் யாரென்றும் தெரியவில்லை.

"அம்மா பக்கத்துல ஒரு குழி போதும் பாஸ்டர். பாட்டு வேண்டாம், பிரசங்கம் வேண்டாம்."

"குழி வெட்ட எனக்கென்னம்மா? ஆனா பக்கத்துல நின்னு, 'இவன் கர்த்தரை நம்பி மரித்தான்'னு நான் சொல்லணுமே. போன கிறிஸ்துமஸுக்குக்கூட வீடு தேடிப் போய்க் கூப்பிட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? 'என் சாமி உருளைக்கிழங்கு பாஸ்டர். நட்டா மொளைக்குது. உங்க சாமி எப்படி?'ன்னான்."

அந்த நிலையிலும் கானெங்குக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அழுகையாக முடிந்தது.

சோஜி அப்படித்தான். உருளைக்கிழங்கு வியாபாரி. சந்தையில் யார் கேட்டாலும், "எனக்குச் சாமி இல்லைப்பா" என்பான். மூட்டைக்கு விலை சொல்வதுபோல, கூச்சமே இல்லாமல் சொல்வான்.

"அம்மா சாகக் கிடந்தப்போ நீங்களும் இருந்தீங்களே பாஸ்டர். 'நம்புறேன்னு ஒரு வார்த்தை சொல்லுடா, நிம்மதியா கண்ணை மூடுறேன்'னு கெஞ்சினா. அம்மா காலைக் கட்டிக்கிட்டு அழுதான். 'எதை வேணா கேளும்மா, பொய் மட்டும் கேட்காதே'ன்னான். கடைசிவரைக்கும் சொல்லலை. பொய் சொல்லத் தெரியாதவனுக்கு இங்க இடம் இல்லையா?"

"அதனாலதாம்மா தயங்குறேன். அவனைப் பத்தி நான் எப்படிப் பொய் சொல்லுவேன்?" என்றார் பாஸ்டர்.

வாசல் கேட்டருகே யாரோ கனைத்தார்கள். ஒல்லியான ஒரு மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சலாம். கானெங் அக்கா வீட்டுல கேட்டேன், இங்க இருக்கறதா சொன்னாங்க. என் பேரு சானுஸி. கோலாக் கொட்டை வியாபாரம்."

பாஸ்டர் பதறிப்போய் எழுந்தார். "ஊர் இருக்கிற இருப்புல, நீ தனியா இந்தத் தெருவுக்கு வர்றியே! புத்தி இருக்கா உனக்கு? முதல்ல உள்ளே வா!"

சானுஸி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். பெஞ்சைக் காட்டியும் ஏறவில்லை.

"அக்கா, உங்க தம்பிகூட வேன்ல வந்தவன் நான். பக்கத்து சீட்டு. வழியெல்லாம் என்னை வம்புக்கு இழுத்துக்கிட்டே வந்தாரு. 'அஞ்சு வேளை தொழறியே, இந்த ரோட்டுப் பள்ளத்தைப் பத்தி ஒருநாளாவது உன் சாமிகிட்ட சொன்னியா?'ன்னு." அவர் தொப்பியை மடியில் வைத்தார். "அவரை எங்ககிட்ட குடுங்க அக்கா. குளிப்பாட்டி, தொழுகை நடத்தி, எங்க கபர்ஸ்தான்ல அடக்கம் பண்றோம். இமாம்கிட்ட சொல்லிட்டுத்தான் வர்றேன்."

"அவனையா? அவன் எப்போ முஸ்லிம் ஆனான்?" என்றாள் கானெங்.

"அவரே சொன்னாரு. 'நான் முஸ்லிம்'னு. வேன்ல இருந்த எல்லாரும் கேட்டாங்க."

"எப்போ?"

"மறிச்சவங்க கேட்டப்போ."

கானெங்கின் முகம் இருண்டது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது.

"உயிருக்குப் பயந்துட்டான்," என்றாள் மெல்ல. "பெத்தவ கண்ணை மூடும்போது சொல்லாத பொய்யை, கத்தியைப் பார்த்ததும் சொல்லிட்டான்."

"அப்படிப் பேசாதேம்மா. கத்திக்கு முன்னால எல்லாரும் மனுஷங்கதான். நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்," என்றார் பாஸ்டர்.

"எங்க அம்மாவுக்காகச் சொல்லலையே பாஸ்டர்! தனக்காகச் சொல்லிட்டானே!" அவள் சானுஸியின் பக்கம் திரும்பினாள். "கொண்டு போங்க. நீங்களே வெச்சுக்கங்க. எங்க அம்மா பக்கத்துல அவன் வேண்டாம்."

சானுஸி எழுந்திருக்கவில்லை.

"அப்படிச் சொல்லியும் உங்க ஆளுங்க அவனை விடலையே!" கானெங்கின் குரல் உடைந்தது. "ஏன், அவன் சொன்னதை நம்பலையா?"

"நம்பினாங்க அக்கா. உடனே நம்பிட்டாங்க."

"நம்பினவங்க எதுக்குக் கொன்னாங்க?"

சானுஸி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"மறிச்சது எங்க ஆளுங்க இல்ல அக்கா. எல்லாப் பசங்க கழுத்துலயும் சிலுவை இருந்துச்சு. 'இதுல முஸ்லிம் எவன்? அவன் மட்டும் இறங்கு'ன்னாங்க... அந்த வேன்ல முஸ்லிம் நான் ஒருத்தன்தான்."