சிவந்த செவுள்

அறிவழகன் பண்ணைக் குட்டையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, செத்து மிதக்கும் கட்லா மீன்களை வலையால் வாரி வாரிக் கரையில் எறிகிறான். காலை வெயில் செதில்களில் பளீரிடுகிறது. "பக்கத்துத் தோட்டத்துக்காரன் வெசம் ஊத்திப்போட்டானுங்க டாக்டர்!" என்கிறான். மீன் மருத்துவர் கோகிலவாணி ஒரு செவுளை விரிக்கிறாள், சிவந்து, தடித்து, அடைத்திருக்கிறது. "வெசமில்லீங்க. கிருமி வந்தா எதிர்த்து நில்லுன்னு உடம்புக்குள்ள சேதி சொல்ற ஒரு புரதத்தோட வேலைங்க இது. மீனுங்க எதையோ தின்னதால அது அளவில்லாம சுரந்திருக்குது. அதுல செவுளே வீங்கி மூச்சடைச்சிருக்குது." அவன் மனைவி மலர்விழி, "மிச்ச பாதியாவது பொழைக்குமுங்களா?" என்கிறாள். "அதை இனித் திங்காம இருந்தா பொழைக்கும்." வலை அறிவழகன் கையிலிருந்து நழுவுகிறது. "கோழிக்குப் போடற எதிர்ப்புசக்தி பவுடருங்க... மீனுக்கும் தெம்புன்னு தீவனத்துல மூணு பங்கு கலந்தேன். இன்னிக்கு விடிஞ்சதும் கடைசி மூட்டையையும் குட்டையில கொட்டிப்போட்டனுங்க."